மூன்று இலக்கம்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏணியின் உச்சிப் படியில் நின்று ஆபீஸ் கூரைக்குள் தலையை விட்டிருந்தேன். எந்த ஆபீசிலும் அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சதுரப் பலகைகள் தெரியும். அதற்கு மேலே என்ன கிடக்கிறது என்பது நாற்காலியில் உட்காருகிற யாருக்கும் தெரியாது. எலிப்புழுக்கை, செத்துக் காய்ந்த பல்லி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் தூசி, ஏசி குழாயிலிருந்து சொட்டி நாறுகிற தண்ணீர். பல வருடங்களாக அதற்குள் கையை விட்டுக் கேபிள் இழுப்பதுதான் என் பிழைப்பு.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. நான் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு கைப்பிடி புழுக்கை அவன் தலையில் கொட்டும். "எங்கக்காவக் கட்டிக் குடுத்ததுக்கு நல்லா மரியாதை பண்றீங்க மாமா" என்று சொல்லித் துப்பினான். வாயைத் திறக்காதே, உள்ளே போய்விடும் என்றேன். எட்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் கடைசி வரிசைக்கும் கம்பி இறங்கியாக வேண்டும்.

அந்த ஹாலில் நாற்பது மேசை. மேசைக்கு ஒரு போன், போனுக்கு ஒரு ஹெட்செட். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கிற பெரிய கம்பெனிகளுக்கு வரும் புகாரெல்லாம் இங்கேதான் வந்து விழும். பெட்டி குளிரவில்லை என்றால் அதைச் செய்தவனைத் திட்ட முடியாது, விற்றவனைத் திட்ட முடியாது. இந்த நாற்பது பேரைத் திட்டலாம். தொண்டைத் தண்ணீர் வற்ற அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஹெட்செட்டின் பஞ்சு காலை ஷிப்ட்காரர்களின் வியர்வையில் நனைந்து, பிற்பகல் ஷிப்ட்காரர்களின் காதில் போய் ஒட்டும். ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்த்த மச்சானுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி நாலு முறை எழுதிக் கொடுத்தார்களாம். காதுக்குக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம்.

எங்கள் வேலை இதுதான். சுவருக்குள் வந்திருந்த இருபது பழைய செம்புக் கம்பி லைன்களைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாக வரும் லைன்களை ஆபீஸ் போன் பெட்டியில் ஏற்ற வேண்டும். பெட்டி என்றால் அலமாரியளவு எதுவும் இல்லை, ஒரு சூட்கேஸ் அளவுதான். அதில் லைன் கொடுக்கும் கம்பெனியின் முகவரி, கணக்குப் பெயர், கடவுச்சொல் எல்லாம் ஏற்றினால் திரையில் பச்சை விளக்கு எரியும். பிறகு உள்ளே வரும் அழைப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும், இங்கிருந்து வெளியே எந்தெந்த எண்ணை அழைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். விதியில் இல்லாத எண் வெளியே போகாது. யார் எத்தனை நிமிடம் கழிப்பறைக்குப் போனார்கள் என்று முதலாளியின் திரையில் காட்டவும் ஒரு விதி உண்டு. அதையும் நான்தான் எழுதினேன். எழுதும்போது கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே மட்டும் கூரைத் தண்ணீர் நாறாது, வாசனைத் தைலம் மணக்கும். என் விதிப் பட்டியலை வாங்கினார். மேசைமேலிருந்த என் பேனாவை எடுத்துக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே படித்தார். நான் பேனாவைப் பார்ப்பதா பட்டியலைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஒரு வரியில் வந்து நிறுத்தினார்.

"இது என்ன மூணு இலக்கம்?"

"அவசர நம்பர் சார். ஆம்புலன்சு, தீயணைப்பு. எல்லா போன்லயும் திறந்து விடணும். அதோட பழைய லைன் ஒண்ணை வாசல்ல அப்படியே விட்டு வெச்சா நல்லது. கரன்ட் போனாலும் இன்டர்நெட் போனாலும் அது பேசும்."

"இதுங்களுக்கு ஒரு ஓட்டை கிடைச்சாப் போதும், அதுல பூந்துக்கும். வெளிய எதுவும் போக வேண்டாம். பழைய லைனையும் வெட்டிடு. அவசரம்னா எங்கிட்ட வரட்டும், நான் எதுக்கு இருக்கேன்?"

காது குடைந்த அதே பேனாவால் அந்த வரியை அடித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பட்டியலையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஹாலுக்குள் போகும் யாரும் கைபேசி கொண்டுபோக முடியாது. கீழே வாசலில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எங்களுடையதையும் சேர்த்து. அப்படியென்றால் நாற்பது பேருக்கும் வெளியுலகம் என்பது அந்த மேசை போன் மட்டும்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று இலக்கத்தை என் விரலால் அழித்தேன். ஹாலில் இருந்த ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

அழிக்கப்பட்ட எண்ணை யாராவது அழைத்தால் ஒரு குரல் பேச வேண்டும். அதற்கு ஹாலிலேயே இனிமையான குரலைத் தேடினார்கள். தேடவே வேண்டாம், ரேடியோ இருந்தாள். நிற்காமல் பேசுவதால் அந்தப் பெயர். இருபத்தாறு வயது. மச்சான் அவளிடம் பேச்சுக் கொடுக்கப் போய்ப் பேச இடம் கிடைக்காமல் திரும்பி வந்தான். அவளை உட்கார வைத்து, "மன்னிக்கவும். இந்த எண்ணை அழைக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று பதிவு செய்தோம். எந்த எண்ணுக்காக என்று அவள் கேட்கவில்லை. நாலு முறை சொல்லிப் பார்த்து, நாலாவதுதான் நன்றாக இருக்கிறது என்று அவளே தேர்ந்தெடுத்தாள்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பெரியக்கா. எல்லாருக்கும் மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பதினேழு வருடம் அந்த ஹாலிலேயே தொண்டையைத் தேய்த்தவர். வாடிக்கையாளர் கெட்ட வார்த்தை பேசினால் சிறுசுகள் அழுதுகொண்டு அழைப்பை இவருக்குத் தள்ளிவிடுவார்கள். இவர் வாங்கி, "சரிங்க கண்ணு, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க, அப்புறம் திட்டுங்க" என்பார். எதிரில் இருப்பவனே சிரித்துவிடுவான்.

புது லைன் ஓட ஆரம்பித்து ஒரு வாரத்தில் பெரிய கம்பெனி அதிகாரிகள் நாலு பேர் அதைப் பார்க்க வந்தார்கள். முதலாளி அவர்களை அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். ஒரு மேசையில் எதிரொலி கேட்கிறது என்று நானும் மச்சானும் அன்று ஹாலில் இருந்தோம். பெரியக்கா ஒரு அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். நாக்கு குழறியது. எதிரில் இருந்த ஆள் "குடிச்சிட்டா வேலைக்கு வர்ற?" என்று கத்தியது ரேடியோவுக்கே கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். அக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வலது கை மேசையிலிருந்து நழுவித் தொங்கியது. எதிரில் அவன் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான்.

ரேடியோ அக்காவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் மூன்று இலக்கத்தை அழுத்தினாள். பழைய லைனில் வெளியே பேச முதலில் பூஜ்யம் போட வேண்டும். பழக்கத்தில் விரல் அதற்குப் போயிருக்குமோ என்று மறுபடி அழுத்தினாள், பூஜ்யத்தோடும் அழுத்தினாள். பிறகு ரிசீவரை என் காதில் வைத்தாள். அவள் குரலே எனக்குச் சொன்னது, அனுமதி இல்லை என்று. அவ்வளவு இனிமையாக.

அந்த நிமிடம் எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எதால் கழுவுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. விதியைத் திரும்ப ஏற்றலாம் என்று பெட்டி இருந்த அறைக்கு ஓடினேன். பூட்டு. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகத் துடைத்துப் பூட்டிச் சாவியை முதலாளி வைத்திருந்தார். ரேடியோ அவர் கதவைத் தட்டினாள். அவர் வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். விருந்தாளிகள் போகும்வரை மூலையில் படுக்க வைக்கச் சொன்னார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அழைப்புகள் காத்திருக்கின்றன, எல்லாரும் உட்காருங்கள் என்றார். மறுபடி உள்ளே போய்விட்டார். கதவு திறந்து மூடிய அந்த ஒரு கணத்தில் உள்ளே யாரோ சிரித்தது கேட்டது.

மச்சான்தான் மூன்று மாடி இறங்கி ஓடினான். அலமாரிச் சாவி யாரிடம் என்று காவலாளிக்கே தெரியவில்லை. மச்சான் ஸ்குரூ டிரைவரைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினான். காவலாளி தடுக்கவில்லை, தானும் சேர்ந்து இழுத்தார். கையில் கிடைத்த கைபேசியில் அழைத்தார்கள். அக்கா சரிந்ததிலிருந்து ஆம்புலன்சுக்குச் சேதி போக பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

உயிர் இருக்கிறது. வலப்பக்கம் இல்லை, பேச்சு இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக அக்காவின் மகள் வந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் தாமதத்தை எழுதி வைத்ததால் தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு வரப் போகிறார்கள் என்றும் சொன்னாள்.

விசாரணை அன்று காலை ஒன்பது மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் டைப் அடித்த ஒரு தாள். அவசர எண் முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருந்தது, பக்கத்து மேசைப் பெண் பதட்டத்தில் பழைய பழக்கப்படி பூஜ்யம் போட்டுத் தவறாக அழுத்திவிட்டாள், அதனால்தான் தாமதம் என்று அதில் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் பெட்டியில் அந்த எண்ணைத் திறந்துவிட வேண்டும். வருகிறவர்கள் அழுத்திப் பார்த்தால் போக வேண்டுமே.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"அவள வெச்சிக்க முடியாதுப்பா. இப்படி ஒரு தப்பு பண்ணவள எப்படி வெச்சிக்கிறது? கஷ்டமாத்தான் இருக்கு. நாமெல்லாம் ஒரே குடும்பம்." கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "ஒன் ஒப்பந்தக்காரர்கிட்ட பேசிட்டேன். இனி எங்க வேலை எல்லாம் ஒனக்குத்தான். போடு."

எங்களை இந்த வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரரும் அங்கிருந்த போனில் பேசினார். போட்டுவிட்டு வா, நமக்கெதற்கு ஊர் வம்பு என்றார். நான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். அப்போதுகூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. பொய் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். வீட்டு நினைப்புத்தான் வந்தது.

ரேடியோ வழியில் தன் மேசையோரம் ஹெட்செட்டோடு எழுந்து நின்றிருந்தாள். ஒரு வாரமாக அவள் யாரோடும் பேசவில்லை என்று மச்சான் சொல்லியிருந்தான். முகம் காய்ந்து கிடந்தது.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. நான் தப்பா அழுத்திட்டேனா? என்னாலதானா அக்காவுக்கு இப்படி ஆச்சு?"

அந்த ஆள் இன்னும் தாளை வெளியே விடவில்லை. அதற்குள் பழி இவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தூங்காமல் கிடந்து தன் விரல்களைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஹாலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீ சரியாத்தாம்மா அழுத்தின. பூஜ்யம் போட்டாலும் போகாது, போடாட்டியும் போகாது. அந்த நம்பரை அடைச்சு வெச்சது நான். அடைக்கச் சொன்னது உங்க முதலாளி. உங்க யார்கிட்டயும் நான் சொல்லல. அது என் தப்பு."

பையிலிருந்து விதிப் பட்டியலை எடுத்து அவள் மேசைமேல் விரித்தேன். அடித்த வரியும் சுருக்கொப்பமும் அப்படியே இருந்தன. பக்கத்தில் டைப் அடித்த தாளையும் வைத்தேன். ஒருவர் படித்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் படித்துவிட்டு என் முகத்துக்கு நேரே, "இத இப்பத்தான் சொல்லத் தோணுச்சா ஒனக்கு?" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கேட்க வேண்டியதுதான். நான் தலை குனிந்து நின்றேன்.

ரேடியோ தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். பிறகு அந்த வரிசை, பிறகு அடுத்த வரிசை. சிலர் தயங்கினார்கள். ஒருவர் தனக்குக் கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் கழற்றினார். நாற்பது போனிலும் அழைப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை.

முதலாளி வெளியே வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். ரேடியோதான் சொன்னாள். விசாரணைக்கு வருகிறவர்களிடம் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு எல்லா போனிலும் அந்த எண்ணைத் திறக்க வேண்டும், கைபேசியைப் பூட்டக் கூடாது. அக்காவின் மருத்துவம் கம்பெனியுடையது. அது மட்டும்தான் என்றாள். அதிகம் பேசுகிற பெண், அன்றைக்கு எண்ணி நாலு வாக்கியம் பேசினாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். இன்டர்நெட் லைனில் ஒரு வசதி உண்டு. பெட்டியில் இரண்டு வரி மாற்றினால், இங்கே வரும் அழைப்பெல்லாம் வேறு ஊரில் இருக்கும் ஹாலுக்குப் போய்விடும். அவருக்கு இன்னும் இரண்டு ஊரில் ஹால் இருந்தது.

"எல்லா லைனையும் அந்த ரெண்டு ஹாலுக்கும் திருப்பி விடு. இதுங்க இங்கயே உக்காந்து ஈ ஓட்டட்டும்."

"முடியாது சார்."

"ஏன், தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். செய்ய மாட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒப்பந்தக்காரரைக் கைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார். ஒரு மணி நேரத்தில் வேறு ஆள் வந்து மாற்றிவிடுவான், உன் பிழைப்பு இன்றோடு சரி என்றார். மச்சான் பக்கத்தில் வந்து நின்று, "எங்கக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமா" என்றான்.

ரேடியோ கேட்டாள்: "அண்ணா, அந்த ஹால்ல இருக்கறவங்க யாரு?"

உங்களை மாதிரிதான், நாற்பதோ ஐம்பதோ பேர் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மூன்று ஹாலும் இன்டர்நெட் வழியாக இந்த ஒரே பெட்டியில் ஓடுகின்றன. மேற்பார்வையாளர்கள் பேசிக்கொள்வதற்காக எல்லா மேசைக்கும் நாலு இலக்க உள் எண் கொடுத்திருந்தோம். வெளியே போவதை எல்லாம் அடைக்கச் சொன்னவர் உள்ளுக்குள் பேசுவதை அடைக்கச் சொல்லவில்லை. இந்த ஜனம் ஒருவரோடு ஒருவர் பேசும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் அழுத்தி, எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். மனப்பாடமான வணக்கத்தைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்றது.

"நானும் ஒங்கள மாதிரி புகார் எடுக்கறவதாங்க. வேற ஊரு ஹாலு. ஒங்க போன்ல அவசர நம்பர ஒரு தடவ அழுத்திப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள் ரேடியோ. பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னாள். குழறிய பேச்சு, தொங்கிய கை, சாத்திய கதவு, பத்தொன்பது நிமிடம். தாளைப் பற்றியும் இன்னும் ஒரு மணி நேரத்தில் அங்கே வந்து விழப் போகிற எங்கள் அழைப்புகளைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பக்கம் யாரிடமோ என்னவோ கேட்பதும் பித்தான்கள் அழுத்துவதும் கேட்டது.

"இங்கயும் போகல" என்றது அந்தக் குரல். "எங்க ஹால்ல ரெண்டு பேர் நிறைமாசமா இருக்காங்க. ஒங்க கால் எதுவும் இங்க வந்தா நாங்க எடுக்க மாட்டோம். இருங்க, எல்லாரையும் கூப்பிடறேன்."

முதலாளி பாய்ந்து வந்து அந்த போனின் கம்பியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் மேசையே நகர்ந்தது. யாரும் எழவில்லை, கத்தவில்லை. அவர் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். விசாரணைக்காரர்கள் வருவார்களா, வந்தால் யார் பக்கம் எழுதுவார்கள், மாற்று ஆள் முதலில் வருவானா என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. அடுத்த மாதம் எங்களில் யாருக்கு வேலை இருக்கும் என்றும் தெரியாது.

அப்போது இரண்டு மேசை தள்ளி இன்னொரு போன் மணி அடித்தது. திரையைப் பார்த்தேன். உள் எண். மூன்றாவது ஹால். அதற்குள் சேதி அங்கே போயிருந்தது. முதலாளி அந்த போனைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். நாற்பது மேசை, ஒவ்வொன்றுக்கும் எலிப்புழுக்கைக்குள் கையை விட்டுக் கம்பி இழுத்தது நானும் மச்சானும். எத்தனையைப் பிடுங்குவார்?

"எடுங்கண்ணா" என்றாள் ரேடியோ.

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் போன் மாட்டியிருக்கிறேன். சோதனைக்கு ஹலோ, ஹலோ என்று சொல்லிப் பார்த்ததைத் தவிர அவற்றில் நான் எதுவும் பேசியதில்லை. போய் எடுத்தேன்.

"சொல்லுங்க" என்றேன். "நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்."